ஒரு நாளைக்கு ஒரு வீடு

தை பிறக்கப் பத்து நாள் இருக்கும்போதே எங்கள் வீட்டுக்காரர் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் லிஸ்ட் எழுத உட்கார்ந்துவிடுவார். அரிசி, வெல்லம், கரும்பு என்று மளிகை லிஸ்டாக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். அதெல்லாம் என் தலைமேல். அவர் எழுதுவது, பொங்கலுக்கு யார் யார் வீட்டுக்குப் போய்த் தலை காட்ட வேண்டும் என்கிற லிஸ்ட். நான்கு வருஷத்துக்கு முந்தைய பொங்கலுக்கு அந்தத் தாளில் பதினோரு வீடுகள் இருந்தன. இருப்பதோ மூன்றே நாட்கள். என் கையில் ஐந்து வயதுப் பெண் ஒன்று, இடுப்பில் ஒரு வயதும் இரண்டு மாதமும் ஆன பையன் ஒன்று.

"பதினொண்ணா? குழந்தைங்களை வெச்சுக்கிட்டா?" என்றேன்.

"ஒவ்வொரு வீட்லயும் பத்து நிமிசம். போனோம், வந்தோம். அவ்வளவுதானே!" என்றார்.

அந்தப் பத்து நிமிஷக் கணக்கு எங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைத்தான் எழுதப் போகிறேன். கைக்குழந்தையோடு பண்டிகைக்குக் கிளம்புகிற யாராவது ஒரு தாய்க்கு உபயோகப்பட்டால் சரி.

எங்கள் ஊர் கொண்டப்பநாயக்கன்பட்டி. சேலத்தை ஒட்டினாற்போல, சேர்வராயன் மலையைப் பார்த்துக்கொண்டு இருக்கிற ஊர். டவுன் வளர்ந்து வளர்ந்து எங்கள் வாசலுக்கே வந்துவிட்டது. ஆனாலும் மார்கழி கடைசி நாளில் வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்துக் கட்டி, நிலைப்படியிலும் கூரை ஓரத்திலும் செருகிக் காப்புக் கட்டுவதை எங்கள் வீட்டில் விட்டதில்லை. சென்னைப் பக்கம் போல அன்றைக்குப் பழைய பாய், டயர் என்று கொளுத்திப் புகை போடுகிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. அது ஒரு புண்ணியம். சளியும் இழுப்பும் உள்ள குழந்தைக்கு அந்தப் புகையைப் போலக் கெடுதல் வேறில்லை. டயரும் பிளாஸ்டிக்கும் எரிகிற தெருவில் இருப்பவர்கள், அன்று காலை ஜன்னலைச் சாத்திக்கொண்டு குழந்தையை உள்ளேயே வைத்திருப்பது நல்லது. காப்புக் கட்டுவதோ குழந்தைகளுக்கென்றே ஏற்பட்ட வேலை. பூவைப் பிரித்துக் கொடு, நூலைப் பிடி என்று சொல்லிவிட்டால், அரை மணி நேரம் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும்.

அந்த வருஷம் முதல் நாள் காலை வாசலில் பொங்கல் வைத்தோம். பானை பொங்கி வழிந்ததைப் பார்த்துப் பெரியவள் குதித்தாள். அவள் குதித்து முடிப்பதற்குள் இவர் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டு, "நேரமாச்சு, நேரமாச்சு" என்று ஆரம்பித்துவிட்டார். அன்றைக்குக் கன்னங்குறிச்சியிலும் அஸ்தம்பட்டியிலுமாக மூன்று வீடு. மாட்டுப் பொங்கலன்று கிழக்கே பஸ் பிடித்து, அயோத்தியாப்பட்டணத்தில் ஒன்று, ஆத்தூரில் மூன்று. மூன்றாம் நாள் காணும் பொங்கலுக்குத் தெற்கே ராசிபுரத்தில் மூன்று வீடு முடித்துக்கொண்டு, நாமக்கல் வழியாகப் பரமத்தி வேலூர்ப் பக்கம் இருக்கிற என் அம்மா வீடு. தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டுப் போகிறவர்கள் கூட இதைவிட நிதானமாகப் போவார்கள்!

பெரியவர்களுக்கு வீடு வீடாகப் போவது சந்தோஷம். குழந்தைக்கோ ஒவ்வொரு வீடும் ஒரு புது இடம், பத்துப் புது முகம், ஒரு கிண்ணம் சர்க்கரைப் பொங்கல். "ஒரே ஒரு வாய் சாப்பிடு கண்ணு" என்று எல்லாரும் அன்பாகத்தான் ஊட்டினார்கள். ஏழு வீட்டு ஒரு வாயும் பெரியவள் வயிற்றுக்குள் ஒன்று சேர்ந்தபோது, ஆத்தூரிலிருந்து திரும்புகிற பஸ்ஸில் என் மடியிலேயே வாந்தி எடுத்தாள். சின்னவன் கை மாறிக் கை மாறிப் போனான். காலைத் தூக்கமும் இல்லை, மத்தியானத் தூக்கமும் இல்லை. இரண்டாம் நாள் ராத்திரி பன்னிரண்டு மணி வரை ஓயாத அழுகை. "கண்ணு பட்டுப் போச்சு" என்று எங்கள் அத்தை மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டார். பாவம், அந்தக் குழந்தைக்குக் கண் படவில்லை. கண்ணை மூட விடவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாம் நாள். ராசிபுரத்தில் இரண்டு வீடு முடிந்து, பெரியத்தை வீடு பாக்கி. பெரியத்தை என்றால் எங்கள் அத்தைக்கு அக்கா. கிராம சுகாதார நர்ஸாக ஊர் ஊராகப் போய்ப் பிரசவம் பார்த்து, தடுப்பூசி போட்டு, ஓய்வு பெற்றவர். தனியாக இருக்கிறார். "இந்த ஒரு வீட்டை மட்டும் விட்டுடலாமுங்களே, பஸ்சுக்கு நேரமாகுது" என்று சொன்னவள் நான்தான். அதை மறைத்து என்ன பிரயோஜனம்? போனால் தடுப்பூசி அட்டை எங்கே என்பார், எடை எத்தனை என்பார், எதற்கு இத்தனை பவுடர் என்பார். எனக்குப் பரீட்சைக்குப் போகிற மாதிரி இருக்கும்.

போனோம். மணி இரண்டு. கூடத்தில் வாழையிலை போட்டு வைத்திருந்தார். புது அரிசிச் சோறு, மொச்சைக்கொட்டைக் குழம்பு, அரசாணிக்காய்ப் பொரியல், வடை. சின்னவனுக்குக்கூட ஒரு நறுக்கு இலை. நாங்களோ முந்தின இரண்டு வீட்டிலும் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தோம். "வயிறு நெறைஞ்சு இருக்குதுங்கத்தை, இன்னொரு நாளைக்கு வர்றோம்" என்றேன். அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. குனிந்து ஒவ்வொரு இலையாக எடுத்து அடுக்கிக்கொண்டு உள்ளே போனார். அந்த முதுகு இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

முந்தின வீட்டில் பெரியவள் கையில் வறுத்த நிலக்கடலைப் பொட்டலம் ஒன்று கொடுத்திருந்தார்கள். நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், அவள் அக்கா என்கிற பாசத்தில் தம்பி வாயில் ஒன்றைப் போட்டிருக்கிறாள். அவனுக்கு இரண்டு இருமல் வந்தது. அப்புறம் சத்தமே இல்லை.

குழந்தைக்கு ஆபத்து என்றால் அலறும் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அலறாது. மூச்சு அடைத்துக்கொண்டால் அலறுவதற்கு ஏது காற்று? வாய் திறந்திருந்தது, கண் பிதுங்கியது, உதடு கறுத்துக்கொண்டு வந்தது. நான் அவனைப் பிடித்து உலுக்கினேன். இவர் உச்சந்தலையில் தட்டினார். பக்கத்து வீட்டம்மா ஒரு சொம்புத் தண்ணீரோடு ஓடி வந்தார். மூன்றுமே செய்யக் கூடாதவை என்பது எங்களுக்கு அப்போது தெரியாது.

"தண்ணி குடுக்காதே! விரலை உள்ள விடாதே! இங்க குடு!" உள்ளேயிருந்து வந்த பெரியத்தை குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தார். தொடைமேல் குப்புறப் போட்டு, தலை கீழே சரிந்திருக்கும்படி தாடையைத் தாங்கிக்கொண்டு, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஓங்கி அடித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவது அடிக்கு அரைக் கடலை ஒன்று சிமெண்டுத் தரையில் விழுந்தது. பையன் வீரிட்டான். ஒரு குழந்தை அழுவதைக் கேட்டு நான் அப்படிச் சந்தோஷப்பட்டது, அவன் பிறந்த நிமிஷத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான்.

அதோடு விட்டுவிடவில்லை அவர். துணுக்கு ஏதாவது மூச்சுக்குழாய்க்குள் இறங்கியிருந்தால் இரண்டு நாள் கழித்து இருமலும் இழுப்புமாகக் காட்டும் என்று சொல்லி, கையோடு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் நெஞ்சைப் பரிசோதிக்கச் செய்தார். நல்லவேளை, ஒன்றும் இல்லை. வேலூர் பஸ் போயே போய்விட்டது.

அன்று ராத்திரி பெரியத்தை வீட்டிலேயே தங்கினோம். ஆறிப்போன மொச்சைக்கொட்டைக் குழம்பைச் சூடு பண்ணிப் பிசைந்து சாப்பிட்டேன். அதற்கு ஈடாக இன்னொரு சாப்பாடு நான் சாப்பிட்டதில்லை. குழந்தைகள் இரண்டும் ஐந்து மணிக்குப் படுத்தவை, விடிந்துதான் எழுந்தன. இவர் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். பெரியத்தை அப்போதுதான் சொன்னார்: "மொச்சையை முந்தாநாளே ஊறப் போட்டேன்டா. பத்து நிமிசத்துக்கு வந்துட்டுப் போறதுக்கு நீ என்ன தபால்காரனா?"

பிறகு ஒரு தலையணையை என் மடியில் வைத்து, இதுதான் குழந்தை என்று சொல்லிப் பாடம் நடத்தினார். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன். நீங்களும் ஒரு தலையணையை வைத்துச் செய்து பாருங்கள். வீட்டுக்காரரையும் செய்யச் சொல்லுங்கள்.

குழந்தை சத்தமாக இருமினாலோ அழுதாலோ மூச்சு போகிறது என்று அர்த்தம். இரும விட்டுவிட வேண்டும், பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டால் போதும். சத்தம் நின்றுவிட்டால்தான் நாம் கை வைக்க வேண்டும். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையென்றால் முன்கையில் குப்புறப் படுக்க வைத்து, தலை தாழ்ந்திருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவில் ஐந்து அடி. வரவில்லையா, மல்லாக்கத் திருப்பி, நெஞ்சின் நடு எலும்பில் ஐந்து முறை அழுத்த வேண்டும். அந்த வயதில் வயிற்றை அழுத்தவே கூடாது. ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு முன்பக்கம் சாய்த்து ஐந்து அடி; வரவில்லையென்றால் பின்னாலிருந்து கட்டிக்கொண்டு, தொப்புளுக்கு மேலே விலா எலும்புக்குக் கீழே கையை முஷ்டியாக வைத்து, உள்ளேயும் மேலேயுமாக ஐந்து முறை இழுக்க வேண்டும். மாற்றி மாற்றி இதையே செய்துகொண்டிருக்க, இன்னொருத்தர் 108-க்குப் போன் போட வேண்டும். நினைவு தப்பிவிட்டால் தரையில் படுக்கவைத்து, நெஞ்சை அழுத்தி, வாயோடு வாய் வைத்து ஊதுகிற முதலுதவி செய்ய வேண்டும். அதை யாரிடமாவது முறையாகக் கற்றுக்கொள்வதுதான் சரி. பொருள் கண்ணுக்குத் தெரிந்தால் எடுக்கலாம். தெரியாமல் விரலை விட்டுத் துழாவினால் இன்னும் உள்ளேதான் போகும். வயிற்றை அழுத்தி எடுத்திருந்தால், குழந்தை சிரித்து விளையாடினாலும் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும்.

நிலக்கடலை, பொட்டுக்கடலை, முந்திரி எதையும் ஐந்து வயதுக்குள் முழுசாகக் கொடுக்கவே வேண்டாம். கடித்து அரைக்கிற கடைவாய்ப் பல் முழுசாக வந்திருக்காது, மூச்சுக்குழாயும் ரொம்பச் சின்னது. ஆசையாக இருந்தால் பொடித்தோ அரைத்தோ கொடுக்கலாம். பொங்கலில் போடுகிற முந்திரியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கரும்பும் அப்படியே. சின்னதுகளுக்குத் துண்டு போட்டுக் கொடுத்தால் சக்கையோடு விழுங்கப் பார்க்கும். தோலைச் சீவி, நசுக்கி, வீட்டிலேயே இரண்டு ஸ்பூன் சாறு பிழிந்து கொடுத்தால் போதாதா?

மறு வருஷம் மார்கழியில் அவர் காலண்டர் தாளை எடுத்தார். நான் பேனாவை வாங்கிக்கொண்டேன். மூன்று நாளுக்கும் மூன்று வரி எழுதினேன். முதல் நாள் நம் வீடு. இரண்டாம் நாள் அம்மா வீடு. மூன்றாம் நாள் ராசிபுரம். மற்ற வீடுகளுக்கெல்லாம் தை, மாசி ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்று ஒன்றாக.

லேசில் நடந்துவிடவில்லை. எங்கள் அத்தைதான் முதலில் கோபித்துக்கொண்டார். "நல்ல நாள்ல போகாம வேற என்னைக்குப் போறது? சொந்தம் விட்டுப் போயிரும்" என்று இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. அவர் பயமும் நியாயமானதுதான். பெண் கொடுத்த இடம், எடுத்த இடம் என்று எத்தனையைக் கட்டிக் காத்தவர். கடைசியில், குழந்தைகளை வைத்துப் பேசாமல் அவருடைய அக்காவை வைத்துப் பேசினேன். "பெரியத்தை எடுத்து அடுக்கின எலையை நான் பார்த்தேங்கத்தை. அந்த மாதிரி பதினோரு வீட்டு எலையை நம்மளால பார்க்க முடியாது" என்றேன். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு வீட்டுக்கும் அவரே போன் பண்ணி, "கைக்குழந்தைக்காரி, பொறவு வருவா" என்று சொல்லிவிட்டார். மாமியார் வாயால் போனால் அந்த வார்த்தைக்கு எடை தனி!

மாசியில் ஆத்தூருக்குப் போனபோது அந்த வீட்டு அக்கா சொன்னதைக் கேளுங்கள்: "பொங்கலன்னிக்கு வந்திருந்தா உன் மூஞ்சியைக்கூடப் பார்த்திருக்க மாட்டேன், அடுப்படியிலயே கெடந்திருப்பேன்." சாயங்காலம் வரை இருந்தோம், குழந்தைகள் அவர் வீட்டு ஆட்டுக்குட்டியோடேயே இருந்தன. எல்லாரும் அப்படியே ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்ல மாட்டேன். அஸ்தம்பட்டியில் ஒரு வீட்டில் இன்றைக்கும் எங்கள்மேல் தாங்கல்தான். அதை நான் சுமந்துகொண்டுதான் இருக்கிறேன்.

ஒரு நாள் முழுக்க ஓரிடத்தில் இருந்தால் என்ன லாபம் என்பதை அம்மா வீட்டில்தான் கண்டுகொண்டேன். கல்யாணத்துக்குப் பிறகு மாட்டுப் பொங்கலன்று சாயங்காலம் நான் அங்கே இருந்ததே இல்லை. பட்டிப் பொங்கல் என்று எங்கள் பக்கம் சொல்வோம். தொழுவத்துக்குப் பக்கத்தில் சாணத்தால் வரப்பு கட்டிச் சின்னதாக ஒரு தெப்பக்குளம் செய்து, தண்ணீர் ஊற்றி, ஆவாரம்பூவெல்லாம் போட்டு வைப்பார்கள். மாடு கன்றுக்குப் பூஜை ஆனதும் அந்தக் குளத்தை மிதித்துத் தாண்டும்படி ஓட்டிவிடுவார்கள். பெரியவள் அம்மாயியோடு உட்கார்ந்து முழங்கை வரை சாணத்தோடு வரப்பு கட்டினாள். "இந்த மாடுதான் தம்பிக்குப் பால் குடுக்குதா? அப்ப இதுக்கு யாரு தேங்க்ஸ் சொன்னாங்க?" என்று கேட்டாள். "இப்ப சொல்றதுதான் சாமி" என்றார் என் அப்பா. அறுவடைக்கு உதவிய சூரியனுக்கு ஒரு நாள், மாட்டுக்கு ஒரு நாள், மனுஷருக்கு ஒரு நாள் என்று முன்னோர்கள் பங்கு போட்டு வைத்ததை நான் எப்படி விளக்கியிருந்தாலும் அந்தச் சாணக் குளத்துக்கு ஈடாகியிருக்காது.

ஆனால் கிராமத்து வீட்டில் தாய்க்குக் கண் பின்னாலும் இருக்க வேண்டும். சுவரில்லாத தரைக்கிணறுகள் வயலுக்குள் எத்தனையோ உண்டு. பண்டிகைக் கூட்டத்தில் 'அவ பார்த்துக்குவா' என்று இவளும், 'இவ பார்த்துக்குவா' என்று அவளும் இருந்துவிடுவார்கள். அதனால் நாங்கள் மணிக்கணக்குப் போட்டுக்கொள்கிறோம். இந்த மணிக்குச் சின்னவன் என் தங்கை பொறுப்பு, அடுத்த மணிக்கு என் வீட்டுக்காரர் பொறுப்பு. பேர் சொல்லி ஒப்படைக்க வேண்டும். சேலத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் பொங்கலையொட்டி எருதாட்டம் நடக்கும். குழந்தைகளைத் தோளில் வைத்துக்கொண்டு தெருவில் நிற்காதீர்கள், மாடியிலிருந்து காட்டுங்கள். கயிறு கட்டியிருந்தாலும் மிரண்ட மாட்டுக்குக் குழந்தை என்று தெரியாது.

வாசலில் பொங்கல் வைக்கும்போது நான் ஒரு உபாயம் செய்கிறேன். அடுப்பைச் சுற்றி நாலடி தள்ளிப் பெரிதாக ஒரு கோலக் கோடு இழுத்துவிடுவேன். கோட்டுக்கு உள்ளே பெரியவர்கள், வெளியே குழந்தைகள். கோலத்தை மிதிக்கக் கூடாது என்று ஏற்கெனவே சொல்லி வளர்த்திருப்பதால், 'கிட்ட வராதே, சுடும்' என்று நூறு தடவை கத்துவதைவிட இது நன்றாகவே வேலை செய்கிறது. அடுப்பங்கரை வேலை முடியும்வரை பருத்தித் துணிதான். நைலான் பாவாடை, ஜிகினா வைத்த கவுன் எல்லாம் பொங்கல் இறக்கிய பிறகு.

பொங்கலைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு டம்ளர் பச்சரிசிக்குக் கால் டம்ளர் வறுத்த பாசிப்பருப்பு, பாலும் தண்ணீருமாக ஐந்து டம்ளர், ஒன்றரை டம்ளர் பொடித்த வெல்லம் என்பது என் கணக்கு. புது அரிசியானால் சீக்கிரம் குழைந்துவிடும், தண்ணீரைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். வெல்லம் போடுவதற்கு முன்பே சின்னக் குழந்தைக்கு இரண்டு கரண்டி எடுத்து வைத்துவிடுவது என் வழக்கம். ஒரு சொட்டு நெய் விட்டு மசித்தால் அதுதான் அதற்குப் பொங்கல். ஒரு வயதுக்குள் இனிப்பும் உப்பும் தேவையே இல்லை. தேனை நாக்கில் தடவுவதும் வேண்டாம். அந்த வயதில் தேனால் ஆபத்தான ஒரு நச்சு நோய் வரலாம் என்று டாக்டர்கள் கண்டிப்பாகச் சொல்கிறார்கள்.

வெல்லம் வாங்கும்போது பளபளவென்று மஞ்சளாக இருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். எங்கள் சேலம், நாமக்கல் இரண்டு ஜில்லாவும் வெல்லத்துக்குப் பேர் போனவை. பரமத்தி வேலூருக்குப் பக்கத்தில் பிலிக்கல்பாளையத்தில் வெல்லத்துக்கென்றே சந்தை கூடும். அதனாலேயே சர்க்கரை கலந்த வெல்லம், நிறத்துக்காக ஹைட்ரோஸ் போட்டுக் காய்ச்சிய வெல்லம் என்று அதிகாரிகள் பறிமுதல் செய்கிற செய்தியும் எங்கள் பக்கம்தான் அடிபடும். கருத்த பழுப்பு நிறத்தில், கொஞ்சம் அழுக்குப் போலத் தெரிகிறதே, அதை வாங்கிக் கரைத்து வடிகட்டிக்கொண்டால் தீர்ந்தது.

பிரயாணப் பையில் நான் எடுத்துப் போவது ஜாஸ்தி இல்லை. காய்ச்சி ஆறவைத்த தண்ணீர், மாற்றுத் துணி இரண்டு ஜோடி, உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இரண்டு (பொட்டலத்தில் எழுதிய அளவுத் தண்ணீரில்தான் கலக்க வேண்டும், கண்ணளவில் அல்ல), தடுப்பூசி அட்டை. அப்புறம் குழந்தை வழக்கமாகப் போட்டுக்கொள்கிற பழைய போர்வை. போன இடத்தில் பட்டு மெத்தை போட்டாலும் அந்தப் பழைய வாசனை இருந்தால்தான் தூக்கம் வரும். யார் வீட்டிலாவது காய்ச்சல், இருமல், அம்மை என்றால் போகிற யோசனையை விட்டுவிடுங்கள். நம் வீட்டில் என்றால் நாமே முந்திக்கொண்டு போன் செய்து சொல்லிவிட வேண்டும். கைக்குழந்தையை வாயோடு முத்தம் கொடுக்க வருகிறவரிடம் எப்படி மறுப்பது? "பாதத்துக்குக் குடுங்க பெரியம்மா, அவனுக்கு அதுதான் புடிக்கும்" என்பேன் நான். யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

என் தம்பி குடும்பம் அமெரிக்காவில் இருக்கிறது. அங்கே நவம்பர் மாதம் நான்காவது வியாழக்கிழமை தாங்க்ஸ்கிவிங் என்று ஒரு நாள். 1621-ல் பிளிமத்தில் குடியேறிய வெள்ளைக்காரர்கள், அறுவடை முடிந்து, வாம்பனோவாக் என்கிற பழங்குடி மக்களோடு விருந்து சாப்பிட்டதை நினைத்துக் கொண்டாடுவதாகச் சொல்வார்கள். 1863-ல் ஆபிரகாம் லிங்கன் அதைத் தேசம் முழுவதற்கும் அறிவித்தார். கனடாவில் இதே பண்டிகை அக்டோபர் இரண்டாவது திங்கட்கிழமை. போன வருஷம் அந்த நாளில் தம்பி மனைவி போன் பண்ணினாள். "அண்ணி, இங்கயும் நம்ம பொங்கல் மாதிரிதான். ஊரே கிளம்பி ஊருக்குப் போகுது. எங்களை மூணு வீட்ல கூப்பிட்டிருக்காங்க. பாப்பாவுக்கு எட்டு மாசம்" என்று மூச்சு விடாமல் பேசினாள். வான்கோழியைச் சுடுவார்களாம், பூசணியில் இனிப்புப் பலகாரம் செய்வார்களாம். நான் பெரியத்தை வீட்டு இலையைப் பற்றிச் சொன்னேன். ஒரே வீட்டுக்குப் போனார்களாம். பாப்பாவை அந்த வீட்டுப் பாட்டி மடியில் வைத்துக்கொண்டே தூங்கிவிட்டாராம், பாட்டியும் சேர்ந்து!

எங்கள் தெருவிலேயே ஒரு கிறிஸ்துவ சிநேகிதி இருக்கிறாள். அவர்கள் கோயிலில் அறுப்பின் பண்டிகை என்று விளைந்த காய், நெல், கோழி எல்லாம் கொண்டுவந்து படைத்து ஏலம் விடுவார்கள். அங்கே ஏலத்தில் எடுத்த அரசாணிக்காயைப் பாதியாக வெட்டி எனக்குக் கொடுத்தனுப்புவாள். எங்கள் முதல் சொம்புப் பொங்கல் அவள் வீட்டுக்குத்தான். இரண்டு வருஷமாக அதைப் பெரியவள்தான் கொண்டுபோகிறாள். அடுத்தது பள்ளிக்கூட ஆயா வீட்டுக்கு. இதை நான் சொல்லவில்லை, அவளாகவே கண்டுபிடித்த வீடு. ஒன்றாம் வகுப்பில் ஈரமான துணியை யாருக்கும் தெரியாமல் மாற்றிவிட்டவராம் அந்த ஆயா. இத்தனை வருஷம் எனக்கே தெரியாத சமாசாரம்!

இந்தப் பொங்கலுக்கு லிஸ்ட் எழுதுகிற உத்தியோகம் அவளுக்குப் போய்விட்டது. ஒன்பது வயதாகிறது. அதே காலண்டர் தாள், அதே பின்பக்கம். மூன்றாம் நாளுக்கு எதிரே 'ராசிபுரம் அப்பாயி வீடு, ராத்திரி தங்கல்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறாள். போன வாரம் பெரியத்தை போன் பண்ணினார். எத்தனை பேர் வருகிறோம், எத்தனை மணிக்கு வருகிறோம், மொச்சை எத்தனை படி ஊறப் போடட்டும் என்று கேட்டுவிட்டு, சின்னவனைக் கூப்பிடச் சொன்னார். அவனுக்கு இப்போது ஐந்து வயது முடிந்துவிட்டது.

"கடலை வறுத்து வெக்கட்டுமா சாமி?" என்று அவர் கேட்டது எனக்கும் கேட்டது.

பையன் போனை வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தான். பெரியவள் குறுக்கே வந்து போனை வாங்கி, "வறுத்து வெய்யுங்க அப்பாயி. ஆனா உக்கார வெச்சு, ஒவ்வொண்ணா நாந்தான் குடுப்பேன்" என்றாள்.